விதை எண்

செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். எழுபதுகளில் என் மகள் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தாள். வியாழன்தோறும் பஸ் ஏறிக் கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் தன் ஃபோர்ட்ரான் நிரலை ஓட்டிவருவாள். அவள் ஆய்வுக்கு மணி வடிவில் பரவும் எண்கள் வேண்டும். பெரும்பாலானவை பூஜ்யத்தை ஒட்டி, சில மட்டும் தொலைவில். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே தாறுமாறாகப் பன்னிரண்டு எண்களை எடுத்து, கூட்டி, ஆறைக் கழித்தால் அப்படி ஓர் எண் கிடைக்கும்.

ஒரு சனிக்கிழமை மீன்காரம்மா கூடையை இறக்கும்போதே ஆரம்பித்தாள். "இன்னா டீச்சரம்மா, வியாழக்கெயம உம் பொண்ணு மகாபலிபுரத்துல ஒரு ஆளோட சிரிச்சுகினு நின்னுகினு இருந்துச்சு? கண்ணாலத்துக்கு சொல்லவே இல்லியே!"

மீன் வாங்காமல் உள்ளே போய் மகளின் பையைத் துழாவினேன். கம்ப்யூட்டர் அச்சடித்ததாக அவள் கொண்டுவந்த இரண்டு வாரத் தாள்கள் இருந்தன. எதிலும் தேதி இல்லை. முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை இரண்டும் ஒன்றே.

அவள் வந்ததும் நீட்டினேன். "தாறுமாறா வர்ற எண்ணுன்னியே, ரெண்டு வாரமும் எப்படிடி அதே வரும்? போகாமலே பழைய தாளோட காப்பியைக் காட்டுறியா? இனிமே அங்க போக வேண்டாம்."

"போகலன்னா எனக்குப் பட்டமே இல்லம்மா. நிரலோட முதல் துளை அட்டையில விதை எண்ணை மாத்த மறந்துட்டேன். அந்த எண்ணுலேர்ந்துதான் மெஷின் கணக்குப் போட்டு மத்ததெல்லாம் எடுக்கும். விதை அதேன்னா எல்லாம் அதேதான் வரும்."

"அந்த ஆளு?"

"கூடப் படிக்கிறவர். பஸ் மாற அங்க நின்னோம்."

இரண்டு தாள்களையும் மறுபடி எடுத்து ஒப்பிட்டேன். அவளே சொன்னாள்: "நீயே ஒரு விதை குடு. ஓட்டிக் கொண்டாரேன். சூத்திரத்தையும் எழுதித் தரேன், கையால போட்டுப் பாத்துக்க."

ஐந்து இலக்கத்தில் கொடுத்தேன். வியாழன் மாலை தாள் வந்தது. பெருக்கி, வகுத்து, மீதியை எடுத்து, மறுபடி பெருக்கினேன். கணக்கை முடித்துப் பார்த்தால் விடை வேறாக இருந்தது. "பாத்தியா!" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். "நாலாவது பெருக்கல்ல கையில மூணு இருந்ததக் கூட்டலம்மா."

கூட்டினேன். கடைசி இலக்கம்வரை பொருந்தியது.

அடுத்த வியாழன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "இந்த வாரத்து விதை?"

இனி விதை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பென்சிலைத் தேடி எடுத்து, எழுதிக் கொடுத்தேன்.