மணைமேல் ஏறிய ரேடியோ

எங்கள் லாரிக்கு ரேடியோ வைப்பதற்காக என் மணையை அறுத்தார்கள். என்னைக் கேட்டுக்கொண்டு அறுக்கவில்லை. கிணற்றடியிலிருந்து குடத்தோடு வருகிறேன், வாசலில் என் வீட்டுக்காரர் மணைமேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ரம்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல பலாமர மணை. கல்யாணத்தில் அம்மா வீட்டுச் சீரோடு வந்தது.

"என்னங்க இது?"

"ரேடியோவுக்கு அடியில வெக்கணும். இரும்புல படக் கூடாதாம்."

அவ்வளவுதான் பதில். ரம்பம் நிற்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். லாரி யுத்த காலத்தது, ஏலத்தில் எடுத்தது. அவரே முதலாளி, அவரே டிரைவர். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போவார். ஏறினால் கதவு சாத்தாது, சாத்தினால் திறக்காது, அப்படி ஒரு வண்டி. அதற்குத்தான் பெரிய கடைத் தெருவிலிருந்து அட்டைப்பெட்டி பிரிக்காத புது ரேடியோ வந்திருந்தது.

வாங்கியதற்குக் காரணம் நான். சமயபுரத்துக்கு அந்தப் பக்கம் என் ஊர். நடவுக்கு இறங்கினால் முதல் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அடுப்படியில் கொஞ்சம் வாய்விட்டுப் பாடினால் போதும், "மெதுவா. தெருவுல ஆள் போகுது" என்பார். தெருவில் ஆள் போகாமல் மாடா போகும்? எட்டு வருஷத்தில் என் பாட்டு ஒன்றை அவர் முழுசாகக் கேட்டது கிடையாது. பக்கத்து வீட்டு டீச்சர்தான் என்னை ரேடியோ ஸ்டேஷனுக்குக் குரல் சோதனைக்கு அழைத்துப் போனார்கள். தேறிவிட்டேன். நடவுப் பாட்டு ஒன்று, தாலாட்டு ஒன்று, மத்தியானம் பெண்கள் நிகழ்ச்சியில் நேராக மைக் முன்னால் உட்கார்ந்து பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் "ம்" என்றார். பிறகு மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர், "உங்க வீட்டம்மா ரேடியோவுல பாடுறாங்களாமே" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனுஷரே வேறு. லாரிக்கு ரேடியோ வைக்கப் போகிறேன், உன்னை லாரியிலேயே ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்குப் போட்டுக் காட்டுவது இருக்கட்டும், இந்த ஒரு தடவையாவது கடைசி வரை உட்கார்ந்து கேட்பாரே என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வயரிங் வேலைக்குப் பாலக்கரை பேட்டரிக்கடைக்காரர் வந்தார். நான் பாடுவதற்கு முந்தின நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை. வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, இந்த வண்டிக்கு பாடி முழுக்க பிளஸ். ரேடியோப் பெட்டி மைனஸ். அப்படியே இரும்புல முடுக்கினா செட்டு எரிஞ்சு போயிடும். கட்டையில ஏத்தித்தான் வெக்கணும்."

அந்தக் கட்டைதான் என் மணை. அடுத்து ஏரியல் கம்பியைக் கட்ட என் கொடிக்கயிறு போயிற்று. நான் துவைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

பாடுகிற நாள் காலையிலும் வேலை முடியவில்லை. பட்டுச்சேலை கட்டித் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தவளிடம், "இந்தா, இதைக் கொஞ்சம் பிடி" என்று ஒரு வயரை நீட்டினார். பிடித்தேன். பேட்டரிக்கடைக்காரர் வயருக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துத் திருகினார். சின்ன விரல் நீளம்கூட இல்லை, உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி.

"இதுதான் அண்ணே பியூஸ். ரேடியோ பாடலைன்னா முதல்ல இதைப் பாருங்க. உள்ள கம்பி அறுந்திருந்தா போச்சுன்னு அர்த்தம். முழுசா இருந்தா இது மேல தப்பு இல்ல."

ரேடியோ பாடியது. நிஜமாகவே பாடியது. இஞ்சினை ஓடவிட்டதும் அப்பளம் பொரிகிற சத்தம்தான் கேட்டது. இஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டால் ஒரு தொல்லையும் இல்லை. மார்க்கெட்டில் வண்டி நிற்கத்தானே போகிறது? அதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு ஏறுமா? ஓடும்போதும் கேட்க வேண்டும் என்று பிடிவாதம். பேட்டரியைத் திரும்பக் கழற்றி வெளியே வைத்தார்கள்.

"என்னங்க, நேரமாச்சு."

"இதோ, அஞ்சு நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிஷம் முடிவதாக இல்லை. நான் இன்னொரு தடவை கேட்டேன். அவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "உனக்காகத்தானே இவ்வளவும் பண்ணிட்டிருக்கேன். பஸ்ல போயேன்" என்றார்.

எனக்காகவாம். என்னைக் கொண்டுபோக வேண்டிய வண்டியை என் பெயரைச் சொல்லிக் கழற்றிப் போட்டுவிட்டு, எனக்காகவாம். அதுவரை நான் தனியாக டவுனுக்குப் போனதில்லை. ஜங்ஷன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சேலைக் கொசுவத்தில் கிரீஸ் அப்பியிருப்பதைப் பார்த்தேன். காவேரிப் பாலம் முழுக்க அதைத் தேய்த்துக்கொண்டே போனேன். தேய்க்கத் தேய்க்க அகலமாயிற்று. பக்கத்தில் இருந்த அம்மாள், "எண்ணெய்க்கறையா?" என்று கேட்டாள். "இல்ல, புருஷன் கறை" என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். மூச்சு அடங்கும் முன்னே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. என் பெயரைச் சொன்னார்கள், பாடினேன். கோபம் தொண்டையில் இருந்ததால்தானோ என்னவோ, நடவுப் பாட்டு வயலில் பாடுகிற மாதிரியே வந்தது. தாலாட்டுக்குள் கோபம் இறங்கிவிட்டது. இந்நேரம் வண்டியை ஓரம்கட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துத்தான் அதைப் பாடினேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "கேட்டீங்களா?"

"எங்கே? ஆரம்பிக்கும்போதே பியூஸ் போயிடுச்சு."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் வேலையும் வீணாகிவிட்டதே, பாவம் என்று இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்துப் போட்டேன். அந்த அப்பளத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் பேட்டரிக்கடைக்காரர் மறந்துவிட்டுப் போன ஸ்குரூ டிரைவரை எடுக்க வந்தார். என் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் கடுப்பில் இருந்தேன்.

"நல்ல பியூஸ் போட்டீங்க போங்க. ஒரு பாட்டுக்குக்கூட தாங்கல."

அவருக்குச் சுருக்கென்றது. "நான் போட்ட பியூஸா? யாரு சொன்னா அண்ணி? நானும் மார்க்கெட்ல கூடவேதானே நின்னேன். செட்டு கணீர்னு பாடுச்சு."

பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்து இழுத்துச் சொன்னார். மண்டி வாசலில் கூட்டம் கூடியிருக்கிறது. ரேடியோவில் என் பெயரைச் சொன்னதும், மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் அந்தப் பெயரைத் திருப்பி ஒரு தடவை சொல்லி, "நல்ல பேரா இருக்கே" என்றிருக்கிறார். இன்னொருவரும் சொல்லிப் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப் போயிற்றாம். நான் முதல் அடியை எடுத்ததும் குமிழைத் திருகி நிறுத்திவிட்டு, "பியூஸ் போயிடுச்சு, போய் வேலையைப் பாருங்க" என்று எல்லாரையும் விரட்டிவிட்டாராம்.

"அண்ணன்கிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு அவர் ஸ்குரூ டிரைவரோடு போய்விட்டார்.

எனக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். நேராக லாரியில் ஏறினேன். அவர்கள் திருகியது எப்படி என்று பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே நான். எதிர்ப்பக்கம் திருகினேன், குழாய் உள்ளங்கையில் விழுந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். மணை இல்லாததால் வெறும் தரையில்தான். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் பியூஸை வைத்தேன்.

"என்ன இது?"

"பியூஸ். முழுசாத்தானே இருக்கு? நல்லாப் பாருங்க."

பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "மூட்டை தூக்குறவன்லாம் உன் பேரைச் சொல்றான். நான் நின்னு கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்றார்.

எட்டு வருஷமாக எனக்கு அந்த வீட்டில் பெயர் "இந்தா".

"அவங்களாவது சொன்னாங்களே," என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பியூஸை நான் எடுத்து அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குள் போட்டேன். நான் தரவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. எந்தக் கடையிலும் புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ரேடியோ என் மணைமேல் வாய் மூடிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்தது. நான் அடுப்படியில் குரலைத் தணிப்பதை விட்டுவிட்டேன். தெருவில் ஆட்கள் போனார்கள், போகட்டும்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து லாரியை விற்றோம். வாங்க வந்தவர் துவாக்குடிப் பக்கத்துக்காரர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரேடியோ பாடுங்களா?" என்று கேட்டார்.

"பாடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அடுப்படியிலிருந்து வந்தேன். "நல்லாப் பாடும்ங்க" என்று சொல்லி, கடுகைத் துடைத்துவிட்டு பியூஸை வாங்க வந்தவர் கையில் கொடுத்தேன்.