கனடாவைப் படித்த பொன்னுதாஸ்

பாறசாலையில் யாரும் கேட்காமலே கனடாவைப் பற்றிச் சொல்கிற ஒரே ஆள் பொன்னுதாஸ். அவனோடு நாற்பது வருஷமாகச் சாயா குடிக்கிறவன் என்பதால் அதிகம் மாட்டிக்கொண்டது நான்தான்.

மனைவி இறந்தபின் அவனுக்கென்று இருப்பது ஒரே மகள் ஜீனா, கனடாவில் நர்ஸ். குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த நாட்களில், இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போது கூப்பிடுவாள். நமக்கு அது சாயங்காலம். அவள் அனுப்பிய புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துவிட்டு, சாயாக்கடை பெஞ்சிலிருந்தே இவன் கேள்வி கேட்பான்.

"மக்கா, கோதம்பு எங்க வெளையுது?"

"சஸ்காட்சுவான்ல உண்டு அப்பா."

"ரயில் பாதை போட இடுப்பொடிஞ்சவன் ஆரு?"

"சீனாக்காரனுவ."

போனை வைத்ததும் என் பக்கம் திரும்புவான். "அங்க ஒரு மாகாணத்துக்காரன் பிரிஞ்சு போணுமா வேண்டாமான்னு ஓட்டு போட்டானாக்கும்."

எனக்கு எரிச்சல் வரும். ஐம்பத்தாறில் எல்லை பிரித்தபோது எங்கள் அப்பன்மாரிடம் எவன் ஓட்டுக் கேட்டான்? தமிழ் பேசிக்கொண்டு கேரளத்தில் கிடக்கிறோம். இதில் கனடாக்காரன் பெருமை வேறு.

ஜீனா தேர்வில் ஜெயித்தாள். இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அதோடு போனும் குறைந்துபோனது. அடுத்த வருஷம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்க்க இவன் விசாவுக்கு எழுதிப் போட்டான். திருவனந்தபுரம் போய்க் கம்பளிக் கோட்டு வாங்கி, மே மாத வெயிலில் போட்டுப் பார்த்தான். நாங்கள் சிரித்தோம்.

விசா கிடைக்கவில்லை. சொந்த ஊரில் சொத்தும் இல்லை, குடும்பமும் இல்லை என்று விசா ஆபீஸ் கடிதம். போனால் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லையாம்.

ஆரியங்கோட்டில் நல்ல ரப்பர்த் தோட்டம் இருந்தது அவனுக்கு. ஜீனாவை அந்த நாட்டுக்கு அனுப்பத்தான் அதை விற்றான்.

"எலே, அந்தத் தோட்டத்த வித்ததே அவனுவளுக்கு நர்சு அனுப்பத்தானேலே! இத எழுதிக் கேளு. நான் எழுதித் தாறேன்" என்றேன்.

பொன்னுதாஸ் சாயாவை மெதுவாகக் குடித்து முடித்தான்.

"என்னத்தக் கேக்க? அவனுவ சொன்னது உள்ளதாக்கும். போனா நான் திரும்பி வாறதா இல்ல. இங்க எனக்கு ஆரு உண்டு?"

நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.