பெல்டன் பார்க்கின் கடைசி உழவர்

எங்கள் பெல்டன் பார்க்கில் ஒரு வழக்கம் உண்டு. எதை வெட்டித் தள்ளுகிறார்களோ அதன் பெயரைத் தெருவுக்கு வைப்பார்கள். ஓக் தெருவில் ஓர் ஓக் மரம் கிடையாது. நரிச்சந்தில் நரியைப் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால், உருளைக்கிழங்கு வயலை மூடி மால் கட்டி, அந்த மாலும் செத்துப்போய், அதை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிற இடத்துக்கு 'அறுவடைச் சதுக்கம்' என்று பெயர் வைத்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. சதுக்கத்துக்குப் பொருத்தமாக ஓர் உழவரையும் தேடிப் பிடித்தார்களே, அதுதான் ஆச்சரியம். பிடித்தது என் எதிர்வீட்டு வெர்லின் ஹாக்ஸ்டாடை.

வெர்லின் வீட்டு ஜன்னலில் ஒரு கள்ளிச்செடி இருந்தது. தண்ணீர்கூடக் கேட்காத அந்த ஜீவனையே சாகடித்த மனிதர் அவர். உழவர் மகன்தான், அதில் பொய்யில்லை. மினியாபொலிஸ் நகரத்துக்கு வடக்கே இந்தப் பக்கம் முழுக்க அப்போது உருளைக்கிழங்கு. கிழங்கு தோண்டும் சமயத்தில் பிள்ளைகள் வேலைக்கு வேண்டும் என்று பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள். வெர்லின் அந்த விடுமுறையைக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கழிப்பார். நகத்துக்குள் மண் போனால் அவருக்குக் குமட்டும். அப்பா நிலத்தை மால்காரர்களுக்கு விற்றபோது அம்மா அழுதாராம். வெர்லின் தலை சீவிக்கொண்டு போய், மால் திறந்த வாரமே ஷூ கடையில் சேர்ந்துவிட்டார்.

அங்கேயே காலம் தள்ளினார். ஊர் மாறியதை அவர் பாதங்களில் பார்த்தவர். முதலில் வந்ததெல்லாம் எங்களைப் போன்ற நார்வே, ஸ்வீடன் வம்சத்துப் பாதங்கள், நீளமும் வெளுப்புமாக. பிறகு லாவோஸிலிருந்து வந்தவர்கள், மெக்சிகோக்காரர்கள், லைபீரியாக்காரர்கள், சோமாலியர்கள். எங்கள் ஆட்கள் மெல்ல மெல்ல இன்னும் வடக்கே நகர்ந்து அங்கிருந்த வயல்களையும் மூட ஆரம்பித்தார்கள், என் சொந்தத் தம்பி உட்பட. கேட்டால் நல்ல பள்ளிக்கூடம் என்பான். அவனுக்குப் பிள்ளைகளே கிடையாது.

மால் காலியான பிறகு வெர்லினுக்கு மிச்சமிருந்தது நாங்கள் குடியிருந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில், என் கதவுக்கு எதிரே, ஒரு வாடகை வீடு. கீழ்த்தளத்தில் கெபே சுமோ இருந்தாள். லைபீரியாவில் சண்டை நடந்த காலத்தில் ஓடி வந்தவள். சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்தில் வேலை. கண்ணில் ஏதோ நோய், ஓரத்தில் வருவது எதுவும் தெரியாது. அவளுக்கு ஓட்டுநர் உரிமம் கொடுக்க மாட்டார்கள். கார் இல்லாதவர் இந்த ஊரில் கால் இல்லாதவர் மாதிரிதான். நடந்து வேலைக்குப் போக முடிகிறது என்பதற்காகவே அவள் அந்தக் கட்டடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் வெர்லின்தான் அவளைக் காரில் கடைக்குக் கூட்டிப் போவார். கூலியாக அவள் மிளகு சூப் கொடுப்பாள். அவர் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஒழுக அதைக் குடித்துவிட்டு, "காரமே இல்லையே" என்பார்.

அறுவடைச் சதுக்கத்தின் வரைபடத்தில் எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் ஒரு நீரூற்று இருந்தது.

நகரசபைக் கூட்டத்துக்குப் போனோம். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். இடித்தால் இடியுங்கள், புதுக் கட்டடத்தில் எங்களுக்கும் பழைய வாடகையில் இடம் கொடுங்கள் என்றோம். கெபே பேசி முடித்ததும் மேயர் நெஞ்சில் கை வைத்து, "உங்கள் கதையைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்றார். அவள் கதை சொல்ல வரவில்லை, வீடு கேட்க வந்திருந்தாள். ஆனால் அந்த மண்டபத்துச் சுவர் முழுக்கக் கறுப்பு, பழுப்பு, மஞ்சள் முகங்கள் சிரிக்கும் சுவரொட்டிகள். பல நிறத்து ஊர் நாங்கள் என்று மார்தட்டிக்கொள்ளப் படம் போதும், ஆட்கள் எதற்கு?

இந்த நேரத்தில்தான் பிரிட்டா வந்தாள். நகரசபையின் விளம்பரப் பிரிவில் வேலை. பல்வரிசை விளம்பரத்துக்கென்றே செய்தது போலிருக்கும். ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய படத்தைக் கண்டுபிடித்திருந்தாள். கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு சிறுவன் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறான். அது வெர்லின். கழிப்பறையிலிருந்து அப்பா இழுத்து வந்து முதுகில் நாலு வைத்த கையோடு எடுத்த படம்.

பிரிட்டாவுக்கு அந்தக் கண்ணீர் மண் பாசமாகத் தெரிந்தது. பூமி பூஜை மாதிரி அவர்கள் நடத்தும் மண் வெட்டும் விழாவில் 'கடைசி உழவர்' இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றாள். தொலைக்காட்சி வரும், மேயர் வருவார், கட்டுகிற கம்பெனி முதலாளியும் வருவார்.

"நான் ஷூ வித்தவன்மா" என்றார் வெர்லின்.

"அதையெல்லாம் எதுக்கு சார் சொல்லிக்கிட்டு?" என்றாள் அவள்.

அன்று மாலை கெபே எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள்.

"பெருசு, நாங்க கத்தினது அவங்க காதுல ஏறல. நீங்க சொன்னா ஏறும். கேமரா ஓடறப்ப ஒரே ஒரு வார்த்தை. இந்தக் கட்டடத்து ஜனங்களுக்குப் புதுசுல எடம் குடுங்கன்னு. மேயரு எல்லார் முன்னாடியும் மண்டைய ஆட்டித்தானே ஆகணும்?"

"சொல்றேன் கெபே."

"சத்தியமா?"

"அட, சொல்றேன்னா சொல்றேன். எத்தன வருஷமா உன் சூப்பக் குடிக்கிறேன்!"

"காரம் இல்லன்னுதானே குடிச்சீங்க?" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். அவள் படியிறங்கும்போது ஏதோ பாடிக்கொண்டு போனாள்.

விழா, மாலின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. அங்கே தரையெல்லாம் தார். பெரிய மனிதர்கள் தாரை வெட்ட முடியுமா? அதனால் எங்கிருந்தோ லாரியில் நல்ல மண்ணாகக் கொண்டுவந்து மரப்பெட்டியில் கொட்டி வைத்திருந்தார்கள். மண்வெட்டிகளுக்குத் தங்க வண்ணம். முன்னொரு காலத்தில் நாட்டிலேயே நல்ல கிழங்கு மண் என்று பெயர் வாங்கிய ஊர், சடங்குக்கு மண்ணை விலைக்கு வாங்கியிருந்தது! வெர்லினுக்கு வைக்கோல் தொப்பியும் தோளில் வார் மாட்டும் நீல உழவர் உடுப்பும் மாட்டியிருந்தார்கள். கடையில் மடித்து வைத்த கோடு அதில் இன்னும் அழியவில்லை.

அவர் மேடையேறுவதற்குச் சற்று முன் பிரிட்டா அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் இரண்டு முறை தலையாட்டினார்.

கெபே முன்வரிசை ஓரத்தில் நின்றிருந்தாள், முதியோர் இல்லத்துச் சீருடையோடு. வெர்லின் மைக்கைப் பிடித்தார். அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்த அந்த அழுகிற சிறுவனைப் பார்த்தார்.

"எங்கப்பா இந்த மண்ண ரெண்டு கையால அள்ளி மோந்து பாப்பாரு" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். மழை வாசனை வந்தது, விடியற்காலை வந்தது, தாயின் கை ரொட்டி வந்தது. கழிப்பறை வரவில்லை. ஷூ கடை வரவில்லை. எங்கள் கட்டடம் வரவே இல்லை. கடைசியில் நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நடிக்கிறார் என்றால்கூட மன்னித்திருப்பேன். அந்த ஆள் நம்பிவிட்டார். மேயர் அவரைக் கட்டிக்கொண்டார். கெபே ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சாலையைக் கடந்து போனாள். இரண்டு பக்கமும் தலையை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் அவளால் கடக்க முடியும்.

மாலையில் அவள் வேலை முடிந்து வந்ததும் வெர்லின் கீழே போனார். கையில் விழாவில் கொடுத்த கேக் பெட்டி. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க நானும் பின்னாலேயே போனேன்.

கதவைத் திறந்தவளிடம் அவர் பெட்டியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"கெபே, நான் சொல்லத்தான் இருந்தேன். அப்பா ஞாபகம் வந்துடுச்சு... மேடையேறுறதுக்கு முன்னாடி பிரிட்டா சொன்னாங்க, எனக்குப் புதுக் கட்டடத்துல ஒரு வீடு ஒதுக்கிட்டாங்களாம். சதுக்கத்தப் பாத்த மாதிரி. சும்மா இல்ல, விருந்தாளிங்க கார் நிறுத்தக்கூடக் கீழ தனி எடமாம். நீ எப்ப வேணா வரலாம்."

கெபே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பாடா! கார எங்க நிறுத்தறதுன்னுதான் பெருசு, இத்தன நாளா எனக்குத் தூக்கமே வரல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.