சீனத்துக் கோயில்களைப் பற்றி நான் சொல்லாத பாதி

ஆரியசாலையில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டி ஒரு இசக்கியம்மன் பீடம் இருந்தது. இருந்தது என்றா எழுதுகிறேன்? இப்போதும் இருக்கிறது, கிரானைட் தரையும் கம்பிக் கதவுமாக. எந்த முகத்தோடு நான் அதைப் போய்ப் பார்ப்பது? மூன்று வருடமாக அந்த இடத்தை விட்டுச் சுற்றித்தான் போகிறேன்.

பீடத்துக்கு விளக்கேற்றி வந்தவள் மிளகாய்க் கடையில் வத்தல் தரம் பிரிக்கும் ஒரு பெண். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அவளுடைய அம்மா நட்ட கல் அது. வெள்ளிக்கிழமைகளில் விழிஞ்ஞத்துச் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்து, சோற்றோடு படைப்பாள். மந்திரம் ஒன்றும் கிடையாது. அம்மனிடம் வீட்டுக் கதை பேசுவாள். சில நாள் திட்டவும் செய்வாள்.

ஓடையை அகலப்படுத்தப் போகிறோம், பதிவில் இல்லாத கட்டுமானங்கள் அகற்றப்படும் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்று அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவன். என் ஆராய்ச்சி முழுக்க சீனத்தில் மிங், சிங் அரசர்கள் காலத்துக் கிராமக் கோயில்களைப் பற்றியது. தெருவில் எனக்குப் பெயரே 'சைனா சார்'. சாமிக்கும் சர்க்காருக்கும் நடுவில் வரும் தகராறு எனக்குத் தெரியாமலா போகும் என்று நம்பி வந்திருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் படித்தது முதல்முறையாக ஒருத்தருக்கு உபயோகப்படப் போகிறதே! உட்காரவைத்து விளக்கினேன். அங்கேயும் அரசின் பட்டியலில் இல்லாத கோயில்களை அதிகாரிகள் இடித்தார்கள். ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? பட்டியலில் இருந்த பெரிய சாமி ஒன்றின் பெயரைத் தங்கள் சாமிக்குச் சூட்டிவிட்டார்கள். அதிகாரி பெயர்ப் பலகையைப் பார்த்துத் திருப்தியாகப் போனார். உள்ளே பழைய சாமிக்குப் பழைய பூஜைதான்.

"பேரு மாறினா அம்மை கோவிச்சுக்குவாளா சாரே?" என்று மட்டும் கேட்டாள்.

"பேருதான் மாறும். மத்ததெல்லாம் உங்க கையிலதான் இருக்கும்" என்றேன்.

வியாபாரிகளைச் சேர்த்து ஒரு கமிட்டி அமைக்கச் செய்தேன். இசக்கியைத் துர்க்கையாக்கி இரண்டு பக்கத்துக்குத் தலவரலாறு எழுதினேன்; சர்க்காருக்குக் கொடுக்க மலையாளத்திலும் நானே எழுதினேன். அதில் கல் நட்ட அம்மாவும் இல்லை, சாளைக் குழம்பும் இல்லை. கமிட்டிக்காரர்கள் படித்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். பதிவு கிடைத்தது. ஓடை கொஞ்சம் விலகி வளைந்து போயிற்று.

கும்பாபிஷேகத்தன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று தேடக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை தூக்குவாளியோடு போனவளைக் கமிட்டி வாசலிலேயே தடுத்தது. மீன் உள்ளே வரக் கூடாது. பூஜைக்குப் பிராமணப் போற்றி வந்துவிட்டார். துர்க்கைக்குப் பால் பாயசம்தான். விளக்கையும் இனி அவள் தொடக் கூடாது. எங்க அம்மை நட்ட கல்லு என்று அவள் சொன்னதற்கு, என் தலவரலாற்றை எடுத்து நீட்டி, இதில் உன் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

அதே தூக்குவாளியோடு நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. கமிட்டியில் போய்ப் பேசுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கு உதறல். அவர்கள் என்னைக் கௌரவ உறுப்பினராக்கியிருந்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. சீ, நானும் ஒரு மனிதன்! ஆனால் அவள் கேட்டது வேறு.

"சாரே, அந்தச் சீனாவுல பேரு மாத்துனதுக்குப் பொறவு என்னாச்சு?"

எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயமே அதுதான். பெயர் மாறிய கோயில்கள் பலவற்றில் படித்தவர்களும் பணக்காரர்களும் நுழைந்தார்கள். சாமியாடிய, குறிசொன்ன பெண்களை வெளியே தள்ளினார்கள். முதல் நாளே இந்தப் பாதியையும் சொல்லியிருந்தால் அவள் யோசித்திருப்பாள். என் யோசனை எடுபடாமல் போயிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்றெல்லாம் இங்கே புளுகப் போவதில்லை.

"அதைப் பத்தி அவ்வளவா தெரியலையே" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். குழம்பை வீணாக்க வேண்டாம் என்று தூக்குவாளியை என் சமையல்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். அம்மனுக்கு வைத்த சாளைக் குழம்பு. மத்தியானம் பசித்தது, சோறு போட்டு, அதை ஊற்றி, நான்தான் தின்றேன்.