நுரை வண்டியும் கீழ் வீட்டு அடுப்பும்

நான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க் கோத்தகிரி சாலையில் ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது. மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். பின்னால் மண் சுவர், முன்னால் சாலை. சாலையைத் தாண்டினால் சரிவு. சரிவு முழுக்க அடுக்கடுக்காக வீடுகள். மேலிருந்து பார்த்தால் கூரைகள்தான் தெரியும். நீலத் தகடு போட்ட முதல் வீடு என் அக்காவுடையது.

பங்க் வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் எதிர்த்தவள் அக்காதான். எங்கள் வளாகத்து மழைத் தண்ணீர் சாலைக்கடியில் குழாய் வழியாகப் போய், அவள் வீட்டுப் புறக்கடையை உரசிக்கொண்டு வாய்க்காலாக இறங்கும். "என்னைக்காவது ஒருநாள் தண்ணிக்குப் பதிலா பெட்ரோல் வரும்" என்று கீழ் வீட்டுக்காரர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு அதிகாரிகளிடம் போய் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பங்க் வந்தது. வந்த அடுத்த வருடம் நான் அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். என் கணவர் இறந்து, வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அக்காவுக்கு அதெல்லாம் தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் போன் செய்தால் எடுக்க மாட்டாள். காலையில் நான் சாலையில் போவதைப் பார்த்தால் துணி காயப்போட்டுக்கொண்டே முதுகைத் திருப்பிக்கொள்வாள்.

பங்க்கில் தீயணைப்புச் சாமான்கள் என் பொறுப்பு. மணல் வாளிகள், சுவரில் மாட்டிய சிவப்பு சிலிண்டர்கள், அப்புறம் நுரை வண்டி. இரண்டு சக்கரம் வைத்த பெரிய உருளை அது. உள்ளே நுரை மருந்து கலந்த தண்ணீர். பக்கத்தில் எரியாத கேஸ் அடைத்த ஒரு சின்ன சிலிண்டர். அதைத் திறந்தால் அழுத்தம் ஏறி, நீளமான ஹோஸ் வழியாக நாசிலுக்கு வரும். நாசிலின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டால்தான் அது நுரையாகும். இல்லாவிட்டால் வெறும் சோப்புத் தண்ணீர். அந்த ஓட்டைகளில் குளவி மண்கூடு கட்டும். வாரம் தவறாமல் குச்சியை விட்டுப் பார்ப்பேன். ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, சக்கரம் உருள்கிறதா, கேஸ் சிலிண்டர் எடை குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். உறைபனிக் காலத்தில் வண்டியை ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் தள்ளிவிடுவோம். வெளியில் நின்றால் உள்ளே உறைந்து மருந்து கெட்டுப்போகும்.

இதையெல்லாம் செய்யும்போது எனக்குள் ஒரு தெம்பு இருந்தது. அக்கா பயப்படுவதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது என்ற தெம்பு.

அது ஜூலை மாதம். காலையிலிருந்தே தூறல். டேங்கர் லாரி வந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் கரூர்ப் பக்கத்துக்காரர், நிதானமானவர். நான் விதிப்படி பக்கத்தில் நின்றிருந்தேன். திடீரென்று, லாரியிலிருந்து தரைத் தொட்டிக்குப் போகும் குழாயின் இணைப்பு கழன்றது. சத்தமே பெரிதாக இல்லை. தண்ணீர் கொட்டுவதுபோலத்தான் இருந்தது. அப்புறம் வாசனை அடித்தது பாருங்கள், கண் எரிந்து தொண்டை அடைத்தது.

டிரைவர் நனைந்தபடியே ஓடிப்போய் வால்வை மூடினார். அதற்குள் தரையில் பெட்ரோல் பரவி, மழைத் தண்ணீரின் மேலேறி, வானவில் நிறத்தில் வழுக்கிக்கொண்டு சாலைப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. சமமான தரை என்று நாம் சொல்வது மலையில் பேச்சுக்குத்தான்.

ஆபீசுக்குப் பின்னால் ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன். பம்ப்பில் நிற்கும் பையன்களில் பெரியவன் சாலைக்கு ஓடி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினான். சின்னவன் தூரமாக மேட்டுக்கு ஓடிப்போய் அங்கிருந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தான். பம்ப் ஓரமாக நின்றிருந்த ஒரு டூரிஸ்ட் காரில் டிரைவர் சாவியில் கை வைத்தார்.

"ஏனுங்க! ஸ்டார்ட் பண்ணாதீங்க! கார அப்படியே விட்டுட்டு எல்லாரையும் இறக்கிக் கூட்டிட்டுப் போங்க! போன எடுக்காதீங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் என்னை முறைத்தார். பிறகு வாசனை புரிந்து, குடும்பத்தோடு இறங்கி மேட்டுப் பக்கம் ஓடினார்.

என்னோடு வேலை பார்க்கும் பெண் நுரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கூடலூர்க்காரி, பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பயிற்சியில் வெறும் தண்ணீரைத்தான் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஹோஸை முறுக்கில்லாமல் இழுத்து விரித்தோம். காற்று முதுகில் படுகிற பக்கமாக நான் நாசிலோடு நின்றேன். அவள் பூட்டுப் பின்னை உருவி, கேஸைத் திறந்தாள். ஹோஸ் விறைத்தது.

தீ இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தீ இருந்தால் எங்கே இருக்கிறது என்று தெரியும். இங்கே கண்ணுக்குத் தெரியாத ஆவி தரையோடு தரையாகப் படர்ந்துகொண்டிருந்தது. எங்கே ஒரு பொறி இருக்கிறதோ அதைத் தேடிக்கொண்டு போவதுபோல. அதை நுரையால் போர்த்தி மூடுவதுதான் என் வேலை. நேராக பெட்ரோலுக்குள் பீய்ச்சினால் அது கலங்கி இன்னும் ஆவியைக் கிளப்பும். அதனால் பம்ப் மேடையின் சுவரில் மோதவிட்டு வழியவிட்டேன். வெள்ளையாக, மெதுவாக, ஒரு கம்பளி விரிவதுபோல அது நகர்ந்தது. லாரி டிரைவர் மணல் வாளிகளை, வாய்க்கால் சாலைக்கடியில் நுழையும் வாயில் கொட்டி அணை போட்டார். ஆனால் முன்னால் ஓடியது ஓடிவிட்டிருந்தது.

அப்போதுதான் கீழே பார்த்தேன். நீலக் கூரைக்குப் பின்னாலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அக்கா குளிக்க வெந்நீர் போடுகிற விறகு அடுப்பு. புறக்கடையில், வாய்க்கால் ஓரத்தில்.

கை நாசிலில் இருக்க, என் கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. நாசில் ஆடியது. நுரை விரிப்பில் ஒரு கிழிசல் விழுந்து கீழே பெட்ரோல் பளபளத்தது. கூடலூர்ப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சேச்சி, நான் போறேன். நீங்க இத விடண்டா."

"அது எங்க அக்கா ஊடு. அடுப்ப அணைக்கச் சொல்லு. வாய்க்கால் பக்கமே போகக் கூடாது. எல்லாரையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஓடு."

அவள் போனை ஆபீஸ் திண்டில் வைத்துவிட்டுப் சாலையைத் தாண்டிச் சரிவுப் படிகளில் இறங்கி ஓடினாள்.

மழை நுரையைக் கரைத்துக்கொண்டே இருந்தது. வண்டியில் இருப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். அதனால் நாசிலை மூடி, எங்கே விரிப்பு மெலிகிறதோ அங்கே மட்டும் திறந்து ஒட்டுப் போட்டேன். நுரைக்குள் கால் வைக்க யாரையும் விடவில்லை. கண் தரையில் இருந்தது. காது முழுக்கக் கீழே இருந்தது.

கீழே அக்காவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. அவள் அந்தப் பெண்ணை நம்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "யாரு நீ? எங்க என் தங்கச்சி? மேலதானே நிக்கறா, அவ வந்து சொல்லட்டும்" என்றிருக்கிறாள். அந்தப் பெண் கெஞ்சியிருக்கிறாள். அதற்குள் வாசனை புறக்கடைக்கு வந்துவிட்டது. அக்கா பதறிப்போய், அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே தீயின் மேல் சாய்த்தாள். தீ அணைந்தது. பாதி வெந்நீர் அவள் காலில் விழுந்தது.

அந்த அலறல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் போகவில்லை. நாசிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர், "நீங்க வேணா போங்க்கா, நான் புடிக்கறேன்" என்றார். அவர் சட்டை முழுக்க பெட்ரோல். அவரை அங்கே நிறுத்துவதே ஆபத்து. "நீங்க மொதல்ல தள்ளிப் போய் அந்தச் சட்டையக் கழட்டிட்டு, தண்ணிய மேல ஊத்துங்க" என்றேன். அழுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி வந்து, அவர்கள் தங்கள் நுரையைப் போட்டு, வாய்க்காலைக் கழுவி, போகலாம் என்று சொன்ன பிறகுதான் கீழே இறங்கினேன். அக்காவை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். புறக்கடையில் அண்டா கவிழ்ந்து கிடந்தது. சாம்பல் கூழாகி வாய்க்கால்வரை ஓடியிருந்தது. வாய்க்காலில் இன்னும் அந்த வாசனை. அடுப்புக்கும் அதற்கும் நடுவில் நான் ஒரு கையை நீட்டினால் போதும், அவ்வளவுதான் இடைவெளி.

ஆஸ்பத்திரியில் அக்காவின் கால் முட்டிவரை கட்டுப்போட்டிருந்தது. அத்தான் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார். வருடக் கணக்காகப் பேசாத அக்கா அன்று என்னிடம் பேசினாள்.

"ஏன்டி, நீ வரக் கூடாதா?"

"விட்டுட்டு வந்திருந்தா மொத்தமாப் பத்தியிருக்கும்க்கா. எல்லா ஊடும் போயிருக்கும்."

"தெரியும். அந்தப் புள்ள சொன்னா. எல்லாரும் சொல்றாங்க." கட்டுப்போட்ட காலை லேசாக நகர்த்தினாள். "நீ செஞ்சது சரிதான். ஆனா நான் கத்துனது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் நின்ன."

அவள் திட்டவில்லை. விசாரிப்பதுபோலத்தான் சொன்னாள். தலையணையைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். அவள் தடுக்கவில்லை, உதவவும் இல்லை.

மறுநாள் நுரை வண்டியைச் சுத்தம் செய்தோம். பயன்படுத்தியதை அப்படியே விட்டால் மருந்து ஹோஸில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். கூடலூர்ப் பெண் சுறுசுறுப்பாக ஸ்பேனரை எடுத்து மேல்மூடியைத் திருக ஆரம்பித்தாள். அழுத்தம் வெளியேறியதா என்று இன்னும் பார்க்கவில்லை. மிச்ச அழுத்தம் இருந்தால் மூடி குண்டுபோலக் கிளம்பி முகத்தைப் பெயர்க்கும்.

"கைய எடு!" என்று கத்திவிட்டேன். "மொதல்ல நாசிலத் திற. காத்துப் போனதுக்கப்பறம் மெல்லத் தளர்த்து. மூஞ்சிய அதுக்கு மேல கொண்டு போகாத!"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "சேச்சி, நான் நேத்து பயந்து பேடிச்சு போயி. உங்க அக்கா நான் சொன்னதக் கேட்டிருந்தா அந்தக் கால் வெந்திருக்காது. நான் எப்படிச் சொல்லணும்னு தெரியாம நின்னு போயி" என்று அழுதாள். அவளும் அந்த இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் வண்டியின் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தோம். நாசிலைத் திறந்தபோது உஸ்ஸென்று மிச்சக் காற்று போனது. மிச்சம் இருக்கத்தான் செய்தது.

முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். பெரிய விபத்தைத் தடுத்தவள் என்று பேசினார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை. அவர்கள் மறுபடியும் அதிகாரிகளிடம் போனார்கள். இந்த முறை வாய்க்காலைத் திருப்பிவிட வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரிகள் வந்து அளந்தார்கள். வாய்க்கால் வாயில் இரும்புக் கதவு ஒன்று வைத்தார்கள். திசை மாறவில்லை. டேங்கர் வரும்போதெல்லாம் கதவை இறக்கிவிட்டு, நுரை வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, நாசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது இப்போது என் பழக்கமாகிவிட்டது. கூடலூர்ப் பெண்ணுக்கும் கீழே போய்ப் பேசிப் பழக்கம் ஏற்படட்டும் என்று மாதம் ஒருமுறை அவளையும் அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். சிலர் தேநீர் கொடுக்கிறார்கள். சிலர் கதவைத் திறப்பதில்லை.

அக்காவின் கால் ஆறிவிட்டது. தோல் சுருங்கிய தழும்பு இருக்கிறது, குளிரில் இழுக்கிறது என்கிறாள். அவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் தூரத்தில் காந்தல் பகுதிக்குக் குடிபோய்விட்டார்கள். நான் போனால் சாப்பாடு போடுகிறாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாள். பங்க் என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேர் வாயிலும் வருவதில்லை.

போன மாதம் அந்த நீலக் கூரை வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. இளம் கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. புறக்கடையில் புகை வருவதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அடுப்பை வீட்டின் மறுபக்கம் மாற்றி வைக்கச் சொன்னேன். வாசனை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டினேன். மனைவி குழந்தையை இறுக்கி அணைத்தபடி நான் சொல்வதைக் கேட்டாள். கணவன் மேலே பங்க்கைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இவ்வளவு தெரிஞ்சும் அத ஏனுங்க இங்க வெச்சிருக்காங்க?" என்றான்.

அடுப்புக் கற்களைத் தூக்க நான் ஒரு பக்கம் கை கொடுத்தேன்.