ஐந்தருவிப் பிரிவில் இருபத்தைந்து நிமிடம்

ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போகிறோம், எங்கே தங்கலாம், எப்போது போகலாம் என்று பலர் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் 1964இல் நடந்ததைச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றி என்னால் எழுத முடியாது. கல்யாணமாகி எட்டாவது மாதம். நானும் என் மனைவி கமலாவும் மூன்று நாள் தங்குவதாகப் போயிருந்தோம். அறை வாடகை நாளுக்கு நான்கு ரூபாய். துவைத்த துணி காயவே காயாது. அதற்காகவாவது வாடகையைக் குறைத்திருக்கலாம்.

இரண்டாம் நாள் பகல் ஒன்றரை மணிக்குத் தந்தி வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்பா கவலைக்கிடம், உடனே வரவும். தென்காசியில் 2.40க்குத் திருநெல்வேலி ரயில் இருந்தது. மூன்று மைல்தான். விடுதி வாசலில் நின்ற வாடகைக் காரை மூன்று ரூபாய்க்குப் பேசினேன். ஓட்டுநர் பெயர் சுடலைமுத்து, நாற்பது வயதிருக்கும்.

"கெளம்பும்போது அந்தப் பேச்ச எடுக்காதீய" என்று கமலா மெதுவாகச் சொன்னாள். எங்கள் வீடுகளில் வழக்கம் அது. வண்டியேறும்போது சாவு, நோவு என்று வாய் திறக்கக் கூடாது. நானும் அப்படியே வளர்ந்தவன். "ரயிலப் பிடிக்கணும் அண்ணாச்சி, சீக்கிரம் போங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பேரருவியிலிருந்து வரும் சாலையும் ஐந்தருவிச் சாலையும் சேரும் இடத்தில், முந்தின நாள் மழை பாதிச் சாலையை அரித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சத்தில் ஒரு வண்டிதான் போகலாம். போலீஸ்காரர் இல்லை. ஆனாலும் சண்டை இல்லை, ஹாரன் சத்தமும் இல்லை. ஓட்டுநர்கள் தாங்களாகவே ஒரு முறை வைத்திருந்தார்கள்: இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விடுகிறவர் ஜன்னல் வழியே கையை நீட்டி அசைப்பார். போகிறவர் நெற்றியில் கைவைத்துவிட்டுப் போவார். வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

எங்களுக்கு முன்னால் ஆறு வண்டிகள். எங்கள் முறை வந்தபோது சுடலைமுத்து கையை நீட்டி, ஈரத்தில் நடுங்கும் குழந்தைகளோடு நின்ற ஒரு வேனை விட்டார். அடுத்த முறையை ஒரு மாட்டு வண்டிக்குக் கொடுத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி விட்டீங்க? நம்ம முறைதானே?"

"மேட்டுல மாடு வழுக்குது சார். நிறுத்துனா திரும்ப ஏறாது, வண்டிக்காரன் பாவம் நிக்குதான். நாம குளிச்சிட்டு வீட்டுக்குத்தான போறோம், அவன் போகட்டும்லா."

வாய்வரை வந்ததை விழுங்கினேன். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் மேல் ஆத்திரம் வந்தது, மாட்டின் மேல்கூட வந்தது. அங்கேயே இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது.

தென்காசி ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மணி 2.43. ரயில் போயிருந்தது. அப்போதுதான் சொன்னேன், அப்பா சாகக் கிடக்கிறார் என்று. கத்தினேன் என்றே நினைக்கிறேன்.

சுடலைமுத்து மறுபடி கார்க் கதவைத் திறந்தார். "மொதல்லயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சார்? அத்தன வண்டியும் ஒதுங்கியிருக்கும்லா. நானும் இங்கன வந்திருக்க மாட்டேன், நேரா பாளையங்கோட்டைக்கே விட்டிருப்பேன். ஏறுங்க."

முப்பத்தைந்து மைல். கூலி பேசவில்லை. ஒடுங்கிய பாலம் வரும் இடமெல்லாம் அவர் தலையை வெளியே நீட்டி, "ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். ஆலங்குளம் பக்கம் பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்ட ஒரு லாரி, பின்னோக்கியே போய் வழிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

வார்டுக்குள் நுழைந்தபோது மணி நாலே கால். அப்பா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"நாலு மணி வரைக்கும் வாசலையே பாத்துட்டுக் கெடந்தாவ" என்றாள் அம்மா.

போகிறவர்களுக்கு: தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். ஆடியில் சனி, ஞாயிறு வேண்டாம். மாற்றுத்துணி இரண்டு செட் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சாலைகள் சேரும் இடத்தில் உங்கள் ஓட்டுநர் ஒருவருக்கு வழிவிட்டால் அவரை வையாதீர்கள். உங்களுக்கு அவசரம் என்றால், சகுனம் பார்க்காமல் என்ன அவசரம் என்று சொல்லிவிடுங்கள். அன்று அந்தப் பிரிவில் சுடலைமுத்துவிடம் நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அப்பா என்னைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.