சாக்கு மூடிய தட்டு

"பொடி சாயத்தை உறிஞ்சியிருக்கும். வெயிலுக்கு இதில் என்ன வேலை?" என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோர் முன்பும் சிரித்தார் என் பேராசிரியர். எண்பதுகளில் நடந்தது. வெள்ளைப் பொடி கலந்த சாயத் தண்ணீரின் நிறத்தை வெயில் போக்கிவிடுகிறது என்று நான் சொல்லியிருந்தேன். அவர் முகத்தில் கரி பூசவே, நான் தங்கியிருந்த மலையூரான ஜமுனாமரத்தூருக்கு வரவழைத்தேன்.

அங்கே வீட்டு வாசலில், இரண்டு தட்டுகளில் வெள்ளைப் பொடி கலந்த நீலச் சாயத் தண்ணீரைக் காலையிலேயே வெயிலில் வைத்திருந்தேன். மாலையில் அவரோடு வந்தால், ஒரு தட்டைச் சாக்கு மூடியிருந்தது.

வீட்டுக்கார அம்மாவிடம் கத்தினேன்.

"காக்கா வாய வைக்க வந்துச்சுங்க. குடிச்சா செத்துப்பூடுமேன்னு காலைலயே மூடுனேன். ஒரு சாக்குதான் இருந்துச்சு."

சாக்கை உருவினேன். அந்தத் தண்ணீர் நீலமாகவே இருந்தது. வெயில் பட்ட தட்டில் நிறமே இல்லை. பொடி இரண்டிலும் ஒன்றுதான்; வேறுபாடு வெயில் மட்டும். ஆத்திரத்தில் எனக்குத் தோன்றாத சோதனை அது. பேராசிரியர் இரண்டு தட்டுகளையும் குனிந்து பார்த்துவிட்டு, "வெயில்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

பழி தீர்ந்தது. என்னை நாலு பேர் முன்பு அவமானப்படுத்தியவரை மன்னிக்காத நான், அவர் முன்பு கத்தியதற்கு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.